பச்சைமலை ஏற்றத்தில் பெட்ரோல் பத்தவில்லை

மண்ணச்சநல்லூரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓடிய கார்கள் அத்தனைக்கும் ஒரு ஏ.எஃப்.ஆர். மீட்டர் தேவைப்பட்டது. ஊரில் ஒருவரிடமும் அது கிடையாது. அப்படியொரு சாமான் இருக்கிறது என்பதே எங்கள் மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. சமீபம் வரை என் அண்ணன் மகனின் காரில், ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் கண்ணாடித் தூணில், அந்த மீட்டர் நீல வெளிச்சத்தோடு உட்கார்ந்திருந்தது. அவன் காருக்கு அது தேவையே இல்லை. அது வேண்டியிருந்த கார் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓர் அரிசி ஆலையின் தவிட்டு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது.

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலந்து எரிகின்றன என்பதைத்தான் அந்த மீட்டர் காட்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தப் புள்ளிக்கு லாம்டா 1 என்று பெயர். பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து இழுக்கும்போது 12.5-க்கும் 13-க்கும் நடுவில் இருந்தால் பலமும் வரும், பிஸ்டன் தலையும் சூட்டிலிருந்து தப்பும். சமதரையில் ஆற அமரப் போகும்போது கொஞ்சம் லீனாக இருந்தால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது லீனாக ஓடினால்தான் இன்ஜின் போகும்.

துறையூர் ரோட்டில், புளியமரத்தடியில், ஒரு மேஸ்திரி பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அங்கேதான் வேலை. மண்ணச்சநல்லூர் அரிசிக்குப் பேர்போன ஊர். கார் வைத்திருந்தவர்கள் பாதிப்பேர் மில்காரர்கள். பிரீமியர் பத்மினி, அம்பாசடர், பிறகு மாருதி 800. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும் மேஸ்திரி?" இன்றைய பையன்கள் வேகத்துக்காக வண்டியை ஆல்ட்டர் செய்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் மைலேஜுக்காக ஆல்ட்டர் செய்தார்கள். கார்புரேட்டரில் மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டு ஓர் அளவு சின்னது போடுவார்கள். இழுவை குறைகிறது என்று ஆள் திரும்பி வந்தால், ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து இழைத்து கம்ப்ரஷனை ஏற்றுவார்கள். ஜெட் சின்னதானால் கலவை லீன் ஆகும். கம்ப்ரஷன் ஏறினால் நாக் அடிக்கும் வாய்ப்பு கூடும். இரண்டையும் ஒரே இன்ஜினில் செய்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அளந்து பார்க்க அந்தப் பட்டறையில் எதுவும் இல்லை. மேஸ்திரியின் காது இருந்தது, கண் இருந்தது.

அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வண்டியை நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார். நல்ல வேகத்தில், ஆக்ஸிலேட்டர் முழுக்க அழுந்தியிருக்கும்போதே, கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துவார். வண்டி உருண்டு ஓரத்தில் நின்றதும் பானெட்டைத் தூக்கி, சுடச்சுடப் பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியில் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் காட்டுவார். நடுவில் இருக்கும் பீங்கான் மூக்கு கருப்பாகப் புகையேறியிருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. பால் கூடுதலாக விட்ட காப்பி நிறம் என்றால் சரி. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. வெளுப்பின் மேல் மிளகுப்பொடி தூவினாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கினால், அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். அதைப் பார்த்தால் மேஸ்திரி வண்டியை ஓட்ட விடமாட்டார், தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

எஸ்.யூ. கார்புரேட்டர் வைத்த அம்பாசடர் வந்தால் இன்னொரு சோதனை உண்டு. ஐடிலிங்கில் விட்டு, கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்ன ஊசியை விரலால் ஒரு நூல் மேலே தள்ளுவார். உள்ளே பிஸ்டன் லேசாக எழும்பும். சத்தம் ஏறி ஏறியபடியே நின்றால் ரிச். இறங்கி இன்ஜின் இருமி நிற்கப் பார்த்தால் லீன். ஒரு கணம் ஏறி மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் சரி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் அந்த ஒரு கணத்தைக் காதால் பிடித்து நட்டைத் திருப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வித்தைக்கு முன்னால் இன்றும் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

எங்கள் மில்களில் நெல்லை வாயில் போட்டுக் கடித்தே ஈரம் சொல்லிவிடுவார்கள் என்பார்கள். அதே மாதிரிதான் இதுவும். இப்போது கொள்முதல் நிலையத்தில் மீட்டர் வைத்து 17 சதவீதம் என்று பார்க்கிறார்கள். கடித்துப் பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கடித்தது அந்த ஒரு நெல்லை. மூட்டையின் அடியில் இருப்பதை அவரால் சொல்ல முடியாது.

ஒரு மில் முதலாளியின் பத்மினிக்கு அதுதான் நடந்தது. 1089 சி.சி. இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர். ஹெட் இழைத்து, ஜெட் மாற்றி, டோல்கேட் வரை ஓட்டிப் பிளக்கைப் பார்த்து, "பால் காப்பி நெறம், கவலையே படாதீங்க முதலாளி" என்று மேஸ்திரி அனுப்பிவைத்தார். மறுநாள் குடும்பத்தோடு பச்சைமலைக்குப் புறப்பட்டார்கள். துறையூர் தாண்டி, சோபனபுரம் அடிவாரத்திலிருந்து ஏற்றம். கார் நிறைய ஆள், இரண்டாவது கியர், வெயில். பாதி ஏற்றத்திலேயே இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி நாக் சத்தம் கேட்டிருக்கிறது. பெட்ரோல் மட்டம் என்று நினைத்து டிரைவர் மிதித்துக்கொண்டே போயிருக்கிறார். மலைமேலுள்ள டாப் செங்காட்டுப்பட்டி போய்ச் சேரவில்லை. லாரியில் கட்டி இழுத்து வந்து ஹெட்டைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. மேஸ்திரி அன்று சாப்பிடவில்லை. முந்தின நாள் பிளக் நல்ல நிறத்தில்தானே இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். டோல்கேட் ரோடு சமதரை. ஏற்றத்தில், பாரத்தில், சூட்டில் கலவை என்ன ஆனது என்பதைச் சமதரையில் கழற்றிய பிளக் எப்படிச் சொல்லும்?

இது எங்கள் பட்டறையின் குறை மட்டும் அல்ல. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டு, சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திய காலத்திலும் வழி இதுவேதான்: முழு வேகத்தில் இன்ஜினை அணைத்துப் பிளக்கைப் பார், ஜெட்டை மாற்று, மறுபடி ஓட்டு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதியை உருவாக்கி நம் பையன்களுக்கு ரேஸ் கார் கிடைக்கும்படி செய்தது எண்பதுகளின் கடைசியில். அந்தத் தலைமுறை கார்களும் கார்புரேட்டரில்தான் ஓடின.

இன்னும் பின்னால் போனால் ஒன்று தெரிகிறது. யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து தமிழ்நாட்டு பஸ்கள் கரி கேஸில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனமே ஒரு கேஸ் பிளாண்ட் செய்து கொடுத்தது. பஸ்ஸோடு இணைத்த உருளையில் அடுப்புக்கரி கனன்று வாயு வரும். அதோடு காற்றைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும். கரி ஈரமானால், சாம்பல் கட்டினால், வாயுவின் தரம் மாறிவிடும். அதனால் காற்றுக்கு ஒரு லீவர் வைத்து, டிரைவர் ஓட்ட ஓட்ட அதைத் தள்ளியும் இழுத்தும் சரிசெய்வார். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு மனிதர் பாரத்தையும் ஏற்றத்தையும் பார்த்து நிமிஷத்துக்கு நிமிஷம் கலவையைத் திருத்திக்கொண்டே வந்தார். பெட்ரோல் திரும்பி வந்ததும் அந்தக் கவனம் டிரைவரின் கையை விட்டுப் போய், பட்டறையில் ஒரு தடவை திருகிவிடும் ஸ்குருவில் முடிந்தது. பச்சைமலையில் அந்த பத்மினி டிரைவருக்குத் திருப்ப எந்த லீவரும் இல்லை, பார்க்க எந்த முள்ளும் இல்லை.

பிறகு எல்லாம் தலைகீழானது. சைலன்சர் குழாயில் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் லாம்டா சென்சாரை போஷ் நிறுவனம் 1976-இலேயே வால்வோ காருக்குக் கொடுத்துவிட்டது. நமக்கு அது 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்களோடு பரவலாக வந்து சேர்ந்தது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. எரிந்தபின் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குள் பலமுறை பெட்ரோலைத் திருத்தியது. அந்த கேஸ் பஸ் டிரைவரின் வேலையைத்தான் ஒரு சின்னப் பெட்டி செய்யத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்தே ஒவ்வொரு காரும் தன் கலவையைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் ஏ.எஃப்.ஆர். மீட்டர் எங்கள் ஊர்ப் பையன்களின் கைக்கு வந்தது.

அண்ணன் மகன் வைத்திருப்பது பெட்ரோல் ஸ்விஃப்ட். ஏர் ஃபில்டர் மாற்றினான், பின்பக்க சைலன்சரை மாற்றினான். பிறகு மீட்டரை வாங்கி வந்தான்.

"எதுக்குடா இது?"

"ஃபில்டர் மாத்தினா காத்து ஜாஸ்தியா போகும்ல சித்தப்பா, லீன் ஆயிடும்னு சொன்னாங்க."

அவன் கேட்ட கேள்வி சரியானது. அவன் காரில் அந்தப் பயத்துக்கு இடமில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே போகும் காற்றை அந்த கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கிடுகிறது. கொஞ்சம் முன்பின் ஆனால் லாம்டா சென்சாரைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. ஃபில்டரும் சைலன்சரும் தருகிற கூடுதல் காற்று அந்தத் திருத்தத்துக்குள் அடங்கிவிடும். மீட்டரைப் பார்த்தால் 14.7-ஐச் சுற்றி முள் துள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

மீட்டர் எப்போது வேண்டும் என்றால், அந்த கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டி இன்ஜின் காற்று குடிக்கத் தொடங்கும்போது. டர்போ போட்டால், பெரிய கேம் போட்டால், இன்ஜெக்டர் மாற்றினால், கம்ப்யூட்டரையே தூக்கிவிட்டு வேறு வைத்தால். கம்பெனி லாம்டா சென்சார் பெரும்பாலும் 14.7-இன் அக்கம்பக்கத்தை மட்டும் அறியும். அதன் வோல்டேஜ் 0.45-ஐ ஒட்டிச் சட்டென்று மேலும் கீழும் தாவும். ரிச் என்று சொல்லும், எவ்வளவு ரிச் என்று சொல்லத் தெரியாது. டர்போ காற்றை அமுக்கித் தள்ளும்போது 11.5 இருக்கிறதா, 13.5-க்கு ஏறிவிட்டதா என்பதில்தான் பிஸ்டனின் ஆயுசு இருக்கிறது. அந்த வித்தியாசம் வைட்பேண்ட் சென்சாருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரின் கணக்கை மட்டும் மாற்றி ரீமேப் செய்கிறவர் ஒருமுறை பலம் அளக்கும் டைனோவில் ஏற்றி அளந்து சரிபார்த்தால் போதும். நிரந்தரமாகத் தூணில் மாட்ட வேண்டியதில்லை. டீசல்காரர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. டீசல் எப்போதும் லீனாகத்தான் ஓடும். அங்கே ரீமேப் செய்தால் பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் சூடு. இதில் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. ரேஸ் ட்ராக்குக்கு என்று கட்டுகிற வண்டியை ரோட்டுக்கு எடுத்துவரக் கூடாது.

சரி, யாரும் கை வைக்காத வண்டிக்கு மீட்டர் வேண்டாமா என்றால், அங்கேதான் தவிட்டு ஷெட்டில் நின்ற மாருதி 800 வருகிறது. பழைய கார்புரேட்டர் மாடல், அதே மில் குடும்பம், இப்போது மகன் வைத்திருக்கிறார். இன்ஜினில் ஒரு ஆணியைக்கூட மாற்றியதில்லை. ஆனால் அதற்குள் ஊற்றுகிற பெட்ரோல் மாறிவிட்டது. 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் எரிய ஒன்றுக்கு 9 பங்கு காற்றே போதும். அதைக் கலந்ததும் கலவையின் சரியான விகிதம் 14.7-லிருந்து ஏறக்குறைய 13.5-க்கு இறங்கிவிடுகிறது. இன்ஜெக்டர் வண்டி சென்சாரைக் கேட்டு அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் பித்தளைத் துளை. அதற்கு எதுவும் தெரியாது. பழைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த அந்தத் துளை இன்று 8 சதவீதம் லீன். நாம் தொடாமலேயே நம் இன்ஜினை ஆல்ட்டர் செய்துவிட்டார்கள். அதை யாரும் கார்க்காரரிடம் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

"ஏத்தத்துல டொக்கு டொக்குன்னு தட்டுதுண்ணே" என்று மில்காரர் மகன் சொன்னபோது பச்சைமலைதான் நினைவுக்கு வந்தது. அண்ணன் மகனிடம் மீட்டரைக் கேட்டேன். மறுபேச்சு பேசாமல் கழற்றித் தந்தான். எக்ஸாஸ்ட் குழாயில் துளையிட்டு, தண்ணீர் தேங்கி சென்சார் கெடாமலிருக்க மேல்பக்கம் சாய்வாக நட்டு வெல்டு செய்து, போஷ் சென்சாரை மாட்டினோம். வயதாகிவிட்ட மேஸ்திரியை ஆட்டோவில் அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். முதலில் ஐடிலிங்கிலேயே மீட்டர் தாறுமாறாக லீன் காட்டியது. மேஸ்திரி ஒரு துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயை அடைக்கச் சொன்னார். மூட்டில் உஸ் என்று கசிந்தது. சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை இழுத்துப் பொய்க்கணக்கு சொல்லும். மீட்டரைப் பார்த்தே இராத மனிதர் அதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார். சுற்றிலும் பசை அடைத்துக் கேஸ்கெட் மாற்றினோம்.

பிளக்கைக் கழற்றிக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "லேசா வெளுத்திருக்கு தம்பி, பெட்ரோல் பத்தல" என்றார். ஓட்டிப் பார்த்தால் சீரான வேகத்தில் லாம்டா 1.08. இரண்டும் ஒத்துப்போயின. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மீட்டரை லாம்டாவில் வைத்துப் படிக்க வேண்டும். ஏ.எஃப்.ஆர். எண்ணில் வைத்தால் அது சுத்தப் பெட்ரோல் கணக்கில்தான் காட்டும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த 14.7 வெறும் பெயர்.

சோபனபுரத்திலிருந்து ஏறத் தொடங்கியபோதுதான் பிளக்கால் சொல்ல முடியாதது தெரிந்தது. முழுக்க மிதித்தபோது 0.9-க்குக் கீழே வரவேண்டியது 1.03-இல் நின்றது. அதைவிட, கார்புரேட்டரின் இரண்டாவது பேரல் திறக்கிற அந்த இடத்தில் ஒரு கணம் 1.2 வரை தாவியது. அங்கேதான் டொக்கு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தான். இரண்டு பேரலுக்கும் அளவு கூடிய ஜெட் போட்டு, அடைந்திருந்த பம்ப் ஜெட்டைச் சுத்தம் செய்து மறுபடி ஏறினோம். சமதரையில் 1.0, ஏற்றத்தில் 0.88. சத்தம் நின்றது. எத்தனாலில் ஊறிப்போன ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிட்டோம்.

மேஸ்திரி மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த பத்மினிக்கு இது இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டு, "அப்ப பெட்ரோல்ல ஈயம் கலந்திருப்பானே, இது தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது. ஈயம் இந்த சென்சாரைக் கொன்றுவிடும். 2000-இல்தான் இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. "அப்ப இருந்திருந்தாலும் பிரயோஜனமில்ல" என்றார் அவர். அந்தப் பிஸ்டனை இத்தனை வருஷம் மனசில் சுமந்துகொண்டிருந்தவர் முகம் அன்று கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் அது பெரிய நிம்மதி.

மாருதியிலிருந்து மீட்டரைக் கழற்றிவிட்டோம். ஜெட் சரியான பிறகு அதற்கு வேலையில்லை. கரண்ட் கொடுக்காமல் சென்சாரைக் குழாயிலேயே விட்டால் புகையேறிச் செத்துவிடும். நட்டை போல்ட் வைத்து அடைத்தாயிற்று. அண்ணன் மகன் அதைத் திரும்பத் தன் தூணில் மாட்டவில்லை. டோல்கேட் பக்கம் ஒரு கேஸ் கிட் போட்ட ஆம்னி இழுக்காமல் பின்னடிக்கிறது என்று அதற்கு எடுத்துப் போயிருக்கிறான். எரிவாயுவுக்கும் லாம்டா 1 லாம்டா 1-தான், மிக்ஸர் ஸ்குருவைக் காதால் திருகிக் கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல உதவி.

ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன் பழைய ஜென்னுக்கு டர்போ போடப் போகிறானாம், ட்ராக்கில் மட்டும் ஓட்டுவதற்கு. டர்போ வாங்கியாயிற்று, மீட்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். அவனை வரச்சொல்லிப் பேசினேன். முதலில் குழாயில் நட்டு வெல்டு ஆகட்டும், சென்சார் மாட்டி டர்போ இல்லாமல் ஒரு வாரம் ஓட்டி எண்களைக் குறித்துக்கொள், அதுவரை டர்போ பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். "சரிங்க சார், ஞாயித்துக்கிழம வெல்டிங்குக்கு வண்டிய எடுத்துட்டு வரேன்" என்றிருக்கிறான்.